காசு வாங்கிக்கிட்டு நம்பர் குடுங்க

பிரிக்ஃபீல்ட்ஸில் நடந்த எல்லாரும் அந்த மஞ்சள் ஓடுகளை மிதித்திருப்பீர்கள். சிலவற்றில் நீளவாக்கில் வரிகள் இருக்கும், சிலவற்றில் வட்ட வட்டமாய் மொட்டுகள். வரி இருந்தால் நேரே போகலாம். மொட்டு வந்தால் நிற்க வேண்டும், எதிரே சாலையோ படியோ திருப்பமோ இருக்கிறது. 1951இல் தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இந்த வட்டாரத்தில்தான் இயங்குகிறது. கோலாலம்பூரில் வெள்ளைக்கோலோடு நடப்பவர்களை அதிகம் பார்க்கக்கூடிய இடமும் இதுதான். நாம் பூமாலைக்கும் வாழையிலைச் சாப்பாட்டுக்கும் தீபாவளித் துணிக்கும் போகும் அதே இடம்.

மஞ்சள் ஓட்டின் மேல் மோட்டார்சைக்கிள் நிற்கும், கடைக்காரர் மேசை போட்டிருப்பார், எங்கோ ஓர் இடத்தில் வரி நேராகப் போய் விளக்குக் கம்பத்தில் முட்டும். இவையெல்லாம் பலர் எழுதிவிட்ட குறைகள். எனக்கு வேறொன்று சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த ஓடுகள் முழுமையாக, தடையில்லாமல் இருந்தாலும் அவை நடப்பதற்கு மட்டுமே. வேலைக்குப் போக, மருந்து வாங்க, ரயில் ஏற. பார்வை இல்லாத ஒருவருக்கு ஒரு நாள் காலையில் காரணமே இல்லாமல் ஓட வேண்டும் என்று தோன்றினால் அவர் எதன் மேல் ஓடுவது?

இரண்டு ஆண்டுகளாகச் சனிக்கிழமைக் காலைகளில் நான் ஓர் அக்காவோடு ஓடுகிறேன். அவருக்கு நாற்பத்திரண்டு வயது. பிரிக்ஃபீல்ட்ஸில் மசாஜ் நிலையம் ஒன்றில் வேலை. ஒரு தோழி வாட்ஸாப்பில் அனுப்பிய, "கூட ஓட ஆள் வேணும், பேசிக்கிட்டே ஓடத் தெரியணும்" என்ற ஒரு வரிச் செய்தியைப் பார்த்துத்தான் போனேன். இந்தக் கட்டுரையில் பெயர் போடலாமா என்று கேட்டபோது, "பேர் போட்டா எங்க சித்தி படிச்சிட்டு போன் பண்ணும். அக்கான்னே போட்டுக்கோ" என்றார். ஆகவே அக்கா.

எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு கயிறு. அப்படிச் சொன்னால் பெரிதாகத் தெரியும். பழைய காலணி நாடாதான், இரண்டு முனையிலும் வளையம் போட்டு முடிந்திருக்கிறோம். ஒரு வளையம் அவர் வலக்கையில், இன்னொன்று என் இடக்கையில். அந்த இரண்டு கைகளும் ஒன்றாக முன்னே போய் ஒன்றாகப் பின்னே வர வேண்டும். அவருடைய வலதுகாலும் என் இடதுகாலும் ஒரே நேரத்தில் தரையைத் தொட வேண்டும். பள்ளி விளையாட்டுப் போட்டியில் இருவர் காலைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு ஓடும் மூன்றுகால் ஓட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள், காலில் கட்டு இல்லாமல்.

பார்ப்பவர்கள் நான் அவரை இழுத்துக்கொண்டு போவதாக நினைக்கிறார்கள். போட்டி விதிகளின்படி வழித்துணையாக ஓடுபவர் இழுக்கக் கூடாது, தள்ளக் கூடாது. எல்லைக்கோட்டை ஓட்டக்காரருக்கு முன்னால் தாண்டவும் கூடாது. வேகம் அவருடையது. எங்கே மூச்சை மிச்சம் பிடிப்பது, எங்கே கொட்டுவது என்ற கணக்கும் அவருடையது. எனக்கு உள்ள ஒரே தகுதி, அவரைவிடக் கொஞ்சம் வேகமாக ஓட முடியும் என்பது. அவர் மூச்சு வாங்கும் வேகத்தில் என்னால் முழு வாக்கியம் பேச முடிய வேண்டும், இல்லையென்றால் நான் பக்கத்தில் ஓடி எந்தப் பயனும் இல்லை.

அந்தப் பேச்சைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இலக்கியம் படிக்கிறவர்களுக்கு அது பிடிக்கும்.

"முன்னால பம்பு. மூணு, ரெண்டு, ஒண்ணு, ஏறு." "லோங்காங் மூடி, இரும்பு, ஈரமா இருக்கு." "வலது பக்கம் மெதுவா வளையுது, இன்னும் வளையுது, நேர்." "கிள. குனி." நான் கற்றுக்கொண்டதிலேயே கறாரான உரைநடை இதுதான். அடைமொழிக்கு நேரமில்லை. வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வரும் மொழி நம்முடையது, ஆனால் ஓடும்போது அவ்வளவு நேரம் காத்திருக்க முடியாது. முதலில் பொருள், பிறகு இடம், பிறகு என்ன செய்ய வேண்டும். முதல் வாரமே அக்கா எனக்கு ஒரு சட்டம் போட்டார்: "'பாத்து, பாத்து'ன்னு சொல்லாத. 'ஜாக்கிரத'ன்னும் சொல்லாத. எதுன்னு சொல்லு." யோசித்துப் பார்த்தேன். 'ஜாக்கிரதை' என்ற சொல்லில் ஒரு தகவலும் இல்லை. எதற்கு என்று சொல்லாமல் பயத்தை மட்டும் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறது. நம் வீடுகளில் உடற்குறை உள்ள பிள்ளையிடம் அதிகம் சொல்லப்படும் சொல்லும் அதுவாகத்தான் இருக்கும்.

அக்கா பிறந்தது சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில். பிறக்கும்போது பார்வை இருந்தது. ஏழெட்டு வயதில் இருட்டினால் தடுமாறத் தொடங்கினார். மாலைக்கண் என்று முருங்கைக்கீரையும் மீனெண்ணெயும் கொடுத்தார்கள். அது விழித்திரை மெல்ல மெல்லச் சிதையும் பரம்பரை நோய். முதலில் இரவுப் பார்வை போகும், பிறகு ஓரங்கள் சுருங்கும், கடைசியில் குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் நடுவில் மட்டும் கொஞ்சம் மிஞ்சும், பிறகு அதுவும் போகும். பதினெட்டு வயதுக்குள் வெளிச்சம் எந்தப் பக்கம் என்பது மட்டும் தெரியும் நிலைக்கு வந்துவிட்டார்.

ஆனால் அதற்கு முன் ஓடியிருக்கிறார். லயத்திலிருந்து தோட்டப் பள்ளி வரை பால்மரங்களுக்கு நடுவே ஓட்டம், பிறகு தோட்டத்துத் திடலில் பையன்களோடு. "நான் ஓடுனா அவனுங்க பின்னாலதான் வருவானுங்க. அது எப்படி இருக்கும்னு உடம்புக்குத் தெரியும் இல்ல? கண்ணு மறந்துடுச்சி. காலு மறக்கல." இடைநிலைப்பள்ளியில் உடற்கல்வி நேரம் வந்தால் அவரை மரத்தடியில் உட்காரவைத்து மற்ற பிள்ளைகளின் பைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்வார்களாம். கண் தெரியாத பிள்ளையிடம் பையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னதை நினைத்து அக்கா இப்போதும் சிரிக்கிறார். "யாராச்சும் தூக்கிட்டு போயிருந்தா நான் எப்படி கண்டுபிடிக்கிறது?" பிறகு கொஞ்சம் நிறுத்தி, "அஞ்சு வருஷம் பை பாத்தேன்" என்றார்.

அவரை யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. ஆசிரியருக்கு அவர்மேல் உண்மையான அக்கறை இருந்தது. விழுந்தால் யார் பதில் சொல்வது? இதே கேள்வியை அம்மா கேட்டார், பிறகு அண்ணன், பிறகு வேலை செய்யும் இடத்தில் முதலாளி. மலாயில் 'கசியான்' என்பார்கள், நாம் 'பாவம்' என்போம். இரண்டு சொல்லும் அன்பிலிருந்து வருகின்றன. ஆனால் அந்த அன்பின் கீழ் அவர் இருபது ஆண்டுகள் உட்கார்ந்தே இருந்தார்.

தமிழில் 'விளையாட்டு' என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. 'சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்' என்கிறோம். காரியம் எதுவும் இல்லாமல், பயன் எதிர்பார்க்காமல் செய்வது. உடற்குறை உள்ளவருக்கு நாம் மறுப்பது இந்த இரண்டாம் பொருளைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் நீந்தினால் அது சிகிச்சை, பந்து எறிந்தால் பயிற்சி, ஓடினால் 'தன்னம்பிக்கைக்கு எடுத்துக்காட்டு'. அவர் உடம்பு அசையும் ஒவ்வொரு முறையும் அது எதற்காவது உதவியாக வேண்டும், ஒன்று அவருக்கு மருந்தாக அல்லது நமக்குப் பாடமாக. வெறுமனே வியர்க்க, மூச்சு வாங்க, பக்கத்தில் ஓடுபவரை முந்திவிட்ட அற்பச் சந்தோஷத்துக்காக ஓட அவருக்கு அனுமதி இல்லை.

நம் கதைகளிலும் படங்களிலும்கூட இப்படித்தான். பார்வையற்றவருக்கு இசையைக் கொடுத்துவிடுவோம். 'ராஜபார்வை' கமலுக்கு வயலின், 'காசி' விக்ரமுக்குப் பாட்டு. இல்லையென்றால் அகக்கண், ஞானம். கண் போனவருக்குக் காதும் மனமும் கூர்மையாகும் என்று எழுதிய அளவுக்கு, அவருக்குக் கால் இருக்கிறது, தொடை இருக்கிறது, பசிக்கும் வியர்க்கும் உடம்பு இருக்கிறது என்று நாம் எழுதவில்லை. அக்காவிடம் இதைச் சொன்னேன். "எனக்குப் பாடவே வராதுடி. ஸ்கூல்ல கண்ணு தெரியாதவன்னு பாட்டுப் போட்டிக்குப் பேர் குடுத்தாங்க. பாடினேன். அப்புறம் யாரும் கூப்பிடல" என்றார்.

இனி அந்தப் போட்டி.

ஓராண்டுக்குமுன் அக்கா ஒரு பத்துக் கிலோமீட்டர் சாலை ஓட்டத்தில் கலந்துகொள்ள முடிவு செய்தார். கைப்பேசி திரையை வாசித்துச் சொல்லும், அவரே பதிவுப் பக்கத்தைத் திறந்தார். பெயர், அடையாள அட்டை எண், சட்டை அளவு வரை போனார். வழித்துணை ஓட்டக்காரருக்கு இடமே இல்லை. நான் தனியாகப் பதிந்துகொண்டு பக்கத்தில் ஓடலாம்தான். ஆனால் கயிற்றோடு இருவர் ஓடுவதைப் பார்த்து யாராவது நடுவழியில் நிறுத்திவிட்டால் என்ன செய்வது? ஏற்பாட்டாளர்களுக்கு எழுதினோம். ஒரு வாரம் கழித்து ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். மிகவும் மரியாதையாகப் பேசினார். பத்துக் கிலோமீட்டர் பாதுகாப்பில்லை, கூட்டம் அதிகம், காப்புறுதிப் பிரச்சினை. ஆனால் மூன்று கிலோமீட்டர் மகிழ்ச்சி நடை இருக்கிறது, உடற்பேறு குறைந்தோருக்கு இலவசம், சட்டையும் பதக்கமும் உண்டு, மேடையில் சிறப்பு அறிமுகமும் செய்வோம்.

அக்கா கைப்பேசியை ஒலிபெருக்கியில் போட்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மலாயில் கேட்டார்: "நேரம் எடுப்பீங்களா?" மகிழ்ச்சி நடைக்கு நேரம் எடுப்பதில்லை என்றார் அவர்.

"அப்ப வேணாம் என்சிக். மத்தவங்ககிட்ட எவ்ளோ வாங்குறீங்களோ அவ்ளோ என்கிட்டயும் வாங்கிக்குங்க. காசு வாங்கிக்கிட்டு நம்பர் குடுங்க."

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. இலவசம் வேண்டாம் என்று சொல்லும் ஆளை அவர் அதற்கு முன் சந்தித்திருக்க மாட்டார்.

எனக்கு அந்த வாக்கியம் பிறகு பல நாள் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. காசு கொடுத்தவர் வாடிக்கையாளர், தண்ணீர் தீர்ந்துபோனால் புகார் செய்யலாம், நேரம் தவறாகப் பதிவானால் சண்டை போடலாம். இலவசமாக வந்தவர் நன்றி மட்டும்தான் சொல்ல முடியும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் பார்த்தேன். 2008ஆம் ஆண்டின் உடற்பேறு குறைந்தோர் சட்டம், 685ஆம் சட்டம், அதன் 32ஆம் பிரிவு பொழுதுபோக்கு, ஓய்வு, விளையாட்டு ஆகியவற்றில் பங்கெடுக்கும் உரிமையைப் பேசுகிறது. 2010இல் மலேசியா ஏற்றுக்கொண்ட ஐ.நா. உடன்படிக்கையின் 30ஆம் பிரிவும் இதையே சொல்கிறது. படிக்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் நம் சட்டத்தில் மீறுபவருக்குத் தண்டனை என்று எதுவும் இல்லை. பொது வசதிகளைப் பயன்படுத்தும் உரிமையைக் கூறும் 26ஆம் பிரிவு, அந்த உரிமையைக் கொடுத்த கையோடு, 'அவர்களுடைய பாதுகாப்புக்கு ஆபத்து நேரும் சூழல் இல்லாதவரை' என்ற பொருளில் ஒரு நிபந்தனையையும் சேர்த்துக்கொள்கிறது. 'ஜாக்கிரதை' என்ற சொல் சட்டப் புத்தகம் வரை போயிருக்கிறது. எந்த ஆபத்து, யார் அளந்தது, எப்படிக் குறைப்பது என்ற கேள்விகளுக்கு அங்கே இடமில்லை. எதுன்னு சொல்லு என்கிறார் அக்கா, சட்டமும் சொல்வதில்லை.

மூன்று வாரம் மின்னஞ்சல் போய்வந்தது. கயிற்றின் படம், பாரலிம்பிக் விதிகள், அக்காவின் பழைய நேரங்கள் எல்லாம் அனுப்பினோம். பழைய நேரங்கள் எங்களிடம் இருந்ததற்குக் காரணம் பார்க்ரன். 2004இல் இலண்டனின் புஷி பூங்காவில் 13 பேரோடு தொடங்கிய இந்த ஐந்து கிலோமீட்டர் ஓட்டம் இன்று பல நாடுகளில் நடக்கிறது. கோலாலம்பூரில் தாமான் பூடு உலு பூங்காவில் 2018 முதல். சனிக்கிழமைதோறும் காலையில், இலவசமாக. இலவசம் என்றேன், ஆனால் அங்கே எல்லாருக்கும் இலவசம், அதனால் யாரும் யாருக்கும் நன்றி சொல்ல வேண்டியதில்லை. ஒரு முறை பதிந்து ஒரு பட்டைக்குறியீட்டை வைத்துக்கொண்டால் போதும். முடித்ததும் அதை ஸ்கேன் செய்வார்கள், பிறகு எல்லாருடைய நேரமும் ஒரே பட்டியலில் வரும். தள்ளுவண்டியில் குழந்தையை வைத்து ஓடும் அப்பா, எழுபது வயது அங்கிள், அக்கா, எல்லாரும் அதே பட்டியலில். முதல் நாள் அங்கிருந்த தொண்டூழியர் எங்கள் கயிற்றைப் பார்த்துவிட்டு, "முந்திப் போறவங்க இடதா வலதா போகணும்?" என்று மட்டும் கேட்டார். அக்காவுக்கு அந்தக் கேள்வி மிகவும் பிடித்துவிட்டது. "எத்தன வருஷமா கண்ணு தெரியல, எப்படி ஆச்சுன்னெல்லாம் கேக்கல பாத்தியா? ரோட்டப் பத்திக் கேட்டாரு."

கடைசியில் எண் கொடுத்தார்கள், காசு வாங்கிக்கொண்டு. அக்காவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று.

போட்டிக்கு முன் வாரம் ஓடி முடித்து மீலோ ஐஸ் குடித்துக்கொண்டிருந்தபோது எலெனா கோங்கோஸ்ட்டைப் பற்றிப் பேசினோம். 2024 செப்டம்பர் 8, பாரிஸ் பாரலிம்பிக்கின் கடைசி நாள், பார்வைக்குறை உள்ள பெண்களின் மாரத்தான். ஸ்பெயின் நாட்டு எலெனா மூன்றாவதாக வந்துகொண்டிருக்கிறார். நான்காமவர் பின்னால் வெகுதூரத்தில். எல்லைக்கு ஓரிரு மீட்டர் இருக்கும்போது அவருடைய வழித்துணைக்குத் தசைப்பிடிப்பு வந்து தள்ளாடுகிறார். அவரைத் தாங்கிப் பிடிக்க எலெனா கயிற்றை ஒரு கணம் விடுகிறார், பிறகு எல்லையைத் தாண்டுகிறார். கயிறு கைவிட்டுப் போனதால் தகுதிநீக்கம், வெண்கலம் ஜப்பானின் மிசாடோ மிச்சிஷிதாவுக்குப் போனது. 42 கிலோமீட்டர் ஓடியவர் ஒரு மனிதன் விழாமல் பிடித்ததற்காகப் பதக்கத்தை இழந்தார். எனக்கு அது அநியாயமாகப் பட்டது, அப்படியே சொன்னேன்.

அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "ரூல் ரூல்தான். எலெனாவுக்கும் தெரியும். தெரிஞ்சிதான் விட்டிருக்கும். அது அவங்க முடிவு, பெரிய மனசு. ஆனா ஜட்ஜு 'ஐயோ பாவம்'னு கண்ண மூடிக்கிட்டா, அப்புறம் அது போட்டி இல்லடி, மகிழ்ச்சி நடை."

அப்படியென்றால் நம் சியாட்? 2021 ஆகஸ்டு 31, நம் தேசிய தினம். தோக்கியோ பாரலிம்பிக்கில் முகமட் சியாட் சோல்கிஃப்லி குண்டை 17.94 மீட்டர் எறிந்தார். உலகச் சாதனைத் தூரம். ஆனால் அழைப்பு அறைக்குச் சில நிமிடம் தாமதமாக வந்ததால் தங்கம் இல்லை என்றார்கள், அது உக்ரேன் வீரருக்குப் போனது. நம் ஆட்கள் உக்ரேன்காரர்களின் சமூக ஊடகப் பக்கங்களில் போய் எழுதிக் குவித்ததை இன்று நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. அக்கா இங்கே ரூல் ரூல்தான் என்று சொல்லவில்லை. சியாட் போட்டியிட்டது அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான பிரிவில். "நேரம் எல்லாருக்கும் ஒண்ணுதான், சரி. ஆனா அந்த நேரத்த அவருக்குப் புரியற மாதிரி சொல்லி, கூட்டிக்கிட்டு வந்து நிறுத்துறது யார் வேல? எனக்கு கயிறு மாதிரி அவருக்கு அது. கயிறு இல்லாம என்ன ஓடவிட்டுட்டு, கோட்டத் தாண்டிட்டன்னு சொன்னா எப்படி?"

அன்று நாங்கள் முடிவுக்கு வரவில்லை. ஆனால் அவர் எங்கே கோடு போடுகிறார் என்று எனக்குப் புரிந்தது. தொடக்கக் கோட்டுக்கு வந்து சேர என்ன வேண்டுமோ அதை முழுதாகக் கொடு. துப்பாக்கி வெடித்த பிறகு ஒரு சலுகையும் கொடுக்காதே. பார்வையற்றோருக்கான ஓட்டப் பிரிவில் எல்லாரும் கண்ணை மறைக்கும் பட்டை அணிய வேண்டும் என்ற விதி அவருக்கு ரொம்பப் பிடிக்கும். கொஞ்சம் வெளிச்சம் தெரிபவருக்கும் ஒன்றுமே தெரியாதவருக்கும் இருட்டு ஒரே அளவாகிவிடுகிறது. 100 மீட்டரில் எட்டுத் தடங்களில் நான்கு பேர் மட்டும் ஓடுவார்கள், ஒவ்வொருவருக்கும் வழித்துணையோடு சேர்த்து இரண்டு தடங்கள். இடம் தாராளமாகக் கொடுக்கிறார்கள். நேரத்தில் நூறில் ஒரு பங்கைக்கூட விட்டுக்கொடுப்பதில்லை.

மலேசியா ஒலிம்பிக்கில் இன்றுவரை ஒரு தங்கமும் வென்றதில்லை. பாரலிம்பிக்கில் 2016 ரியோவிலேயே மூன்று: 100 மீட்டரில் ரிட்சுவான் புசி, குண்டு எறிதலில் இதே சியாட், நீளம் தாண்டுதலில் லத்திப் ரொம்லி. சேலத்து மாரியப்பன் தங்கவேலு அதே ரியோவில் உயரம் தாண்டித் தங்கம் வென்ற காணொளி நம் குடும்ப வாட்ஸாப் குழுக்களில் எத்தனை முறை வந்திருக்கும்! பாரலிம்பிக் பதக்கம் வென்ற மலேசியத் தமிழர், பளுதூக்கும் வீரர் மாரியப்பன் பெருமாளைப் பற்றி அந்தக் குழுக்களில் கேட்டுப் பாருங்கள். நான் கேட்டேன். "சேலம் மாரியப்பனத்தான் தப்பாச் சொல்ற" என்று ஒரு மாமா திருத்தினார்.

ஆனால் வீரர்களைக் கொண்டாடுவது மட்டும் போதாது என்பதுதான் அக்காவோடு ஓடி நான் பார்த்தது. பார்வையுள்ள நமக்கு ஒலிம்பிக் வீரருக்கும் சோம்பேறிக்கும் நடுவே ஆயிரம் படிகள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை பூப்பந்து, அலுவலக ஃபுட்சல், மாதம் ஒரு முறை மலையேற்றம், புத்தாண்டில் வாங்கி மார்ச்சில் மறந்த ஜிம் உறுப்பினர் அட்டை. உடற்குறை உள்ளவருக்கு இரண்டே படிகள்: மேலே பாரலிம்பிக் மேடை, கீழே மரத்தடி. நடுவில் சுமாராக ஓடுபவராக, பாதியில் விட்டுவிடுபவராக, ஜிம் அட்டையை மறந்தவராக இருக்க அவருக்கு இடமே இல்லை.

போட்டி நாள். விடிகாலை ஆறரைக்குத் தொடக்கம். அக்காவின் இலக்கு ஒரு மணி பதினைந்து நிமிடம். முதல் இரண்டு கிலோமீட்டர் கூட்டத்தில் நான் பேசியதைவிடக் கத்தியதுதான் அதிகம். காதில் ஒலிகருவி மாட்டிக்கொண்டு ஓடுபவர்களுக்கு என் குரல் கேட்காது. எங்கள் இருவருக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பாதை என்று நினைத்து ஒருவர் புகுந்து கயிற்றில் மாட்டிக்கொண்டார். ஐந்தாவது கிலோமீட்டரில் ஒருவர் பக்கத்தில் ஓடிவந்தபடியே படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். "முடிச்சிட்டு" என்றார் அக்கா, வேகத்தைக் குறைக்காமல். ஏழாவதில் ஏற்றம். அங்கே அவர் முந்தத் தொடங்கினார். யாரை முந்துகிறோம் என்று எனக்கு மட்டும்தான் தெரியும், ஆகவே சொல்லிக்கொண்டே வந்தேன். "நீலச் சட்டை, ஆம்பள, மூச்சு வாங்குறாரு. முந்தியாச்சு. ரெண்டு பொண்ணுங்க. முந்தியாச்சு." ஒவ்வொரு 'முந்தியாச்சு'க்கும் கயிறு லேசாக முன்னே இழுபட்டது. பால்மரங்களுக்கு நடுவே பையன்களைப் பின்னால் விட்டு ஓடிய சிறுமி எப்படி ஓடியிருப்பாள் என்று எனக்கு அப்போது கொஞ்சம் தெரிந்தது.

கடைசி இருநூறு மீட்டரில் அறிவிப்பாளர் எங்களைப் பார்த்துவிட்டார். ஒலிபெருக்கியில், கண் தெரியாத சகோதரிக்குக் கைத்தட்டுங்கள், இவரே நமக்கெல்லாம் பாடம் என்று முழங்கினார். கைத்தட்டல் இரைச்சலில் நான் சொன்ன "இடது" அவருக்குக் கேட்கவில்லை. கயிற்றால் தொட்டுக் காட்டினேன். ஒட்டி ஓடி எல்லையைத் தாண்டினோம், விதிப்படி அவர் முன்னால், நான் அரை அடி பின்னால்.

"எவ்ளோ?"

"ஒரு மணி பதினாறு நிமிஷம் நாப்பது."

அவர் குனிந்து முட்டியில் கைவைத்து மூச்சு வாங்கினார். யாரோ பதக்கத்தைக் கழுத்தில் மாட்டினார்கள். யாரோ வாழ்த்தினார்கள், ஒரு பெண்மணி கண் கலங்கி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அக்கா நன்றி சொன்னார், புன்னகைத்தார். அவர்கள் போனதும் என் பக்கம் திரும்பி, "அந்தத் தண்ணிக் கடையில நின்னோம் பாரு, அங்க போச்சுடி ஒரு நிமிஷம். ச்சே!" என்றார். அன்று முழுவதும் அவருக்கு எரிச்சல். சாப்பிடும்போதும் அதையே பேசினார். சுற்றியிருந்தவர்களுக்கெல்லாம் அவர் ஓடி முடித்ததே பெரிய சாதனை. அவருக்கு அது நூறு விநாடி தவறவிட்ட ஒரு சாதாரண ஓட்டம். அந்த எரிச்சலுக்காகத்தான் மூன்று வாரம் மின்னஞ்சல் எழுதினோம் என்று நினைக்கிறேன்.

இனி கடினமான பகுதி. வேலை மாற்றலாகி வரும் சனவரியில் நான் பினாங்குக்குப் போகிறேன். போகிறேன் என்று சொன்னபோது அக்கா "நல்லது, சம்பளம் கூடுமா?" என்று கேட்டார். கூடும் என்றேன். பிறகு இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசாமல் ஓடினோம். ஓடும்போது நான் பேசாமல் இருந்தால் அவருக்கு ஆபத்து, ஆகவே "முன்னால குழி" என்று சொல்ல வேண்டியதாயிற்று.

அவர் ஓடுவது என் சனிக்கிழமைகளைச் சார்ந்திருக்கிறது. எனக்குக் காய்ச்சல் என்றால் அவருக்கு ஓட்டம் இல்லை. என் முதலாளி மாற்றல் கடிதம் கொடுத்தால் அவர் மறுபடி மரத்தடிக்குப் போக வேண்டுமா? இவ்வளவு மெல்லிய நாடாவில் தொங்குவதை உரிமை என்று சொல்வது சரியாகப் படவில்லை. மாரத்தானில் ஒருவருக்கு இரண்டு வழித்துணைகள் முறைவைத்து ஓடலாம், குறிப்பிட்ட தூரங்களில் கயிறு கைமாறும். நாங்களும் அதையே செய்யப் பார்க்கிறோம். ஒருவருக்குப் பதில் நான்கு பேர், மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை ஒருவருக்கு. இரண்டு பேர் கிடைத்திருக்கிறார்கள். ஒருவர் பல்கலைக்கழக மாணவி, இன்னொருவர் பள்ளி ஆசிரியர். இன்னும் இரண்டு பேர் வேண்டும்.

பெரிய தகுதி ஒன்றும் தேவையில்லை. ஐந்து கிலோமீட்டரை முப்பத்திரண்டு நிமிடத்துக்குள், பேசிக்கொண்டே ஓட வேண்டும். காலை ஏழு மணிக்கு வந்து நிற்க வேண்டும். வர முடியாவிட்டால் முதல் நாளே சொல்ல வேண்டும். தியாக மனப்பான்மை கண்டிப்பாக வேண்டாம், அது ஆறாவது வாரத்தில் தீர்ந்துவிடும். ஓட்டம் பிடித்திருந்தால் போதும். முதல் முறை வருபவரிடம் கண்ணை மூடிக்கொண்டு என் கையில் கயிற்றைப் பிடித்து நூறு மீட்டர் ஓடச் சொல்கிறோம். எல்லாரும் முதல் பத்து அடியில் முதுகைப் பின்னால் சாய்த்துவிடுகிறார்கள். எதிரே சுவர் இருப்பதாக உடம்பு நம்பிவிடுகிறது. அந்த நம்பிக்கையைத் தாண்டி முன்னால் சாய்ந்து ஓடுவதற்குப் பக்கத்தில் ஓடும் குரல் எவ்வளவு துல்லியமாக இருக்க வேண்டும் என்பது அப்போது புரிந்துவிடும், வேறு வகுப்பு தேவையில்லை.

போன சனிக்கிழமை மாணவி முதல் முறையாகக் கயிறு பிடித்தாள். நான் பின்னால் ஓடிவந்தேன். பதற்றத்தில் வளைவுக்கு வளைவு "அக்கா, பாத்து, பாத்து" என்றாள். மூன்றாவது 'பாத்து'வில் அக்கா நின்றுவிட்டார்.

"என்னத்த பாக்குறது? எதுன்னு சொல்லுமா."

அவள் ஒரு நொடி விழித்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். "வேர். மரத்து வேரு. இடது பக்கம். கால் தூக்கணும்."

"ஆங். போலாம்" என்றார் அக்கா.